எந்தக் குழந்தை?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஓர் இங்கிலாந்துப் பேராசிரியரிடம் குழந்தையைப் பற்றி விசாரித்தேன்.

புதுச்சேரியில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் டைப்செட்டிங் செய்து கொடுக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் காப்பி எடிட்டர் வேலை. கடலூரிலிருந்து தினமும் பஸ். 22 கிலோமீட்டர்தான், ஆனால் அரியாங்குப்பத்தில் வண்டி மாட்டினால் அது எத்தனை கிலோமீட்டர் என்று யாராலும் சொல்ல முடியாது. வேலை என்னவென்றால் கட்டுரையை வரி வரியாகப் படித்து இலக்கணம், எழுத்துப் பிழை, கமா, அடிக்குறிப்பில் விடுபட்ட வருஷம் எல்லாம் பார்த்துச் சரிசெய்வது, நமக்குப் புரியாததை எழுதியவரிடமே கேட்டு ஓரத்தில் ஒரு குறிப்புப் போடுவது. அந்தக் குறிப்புக்கு எங்கள் பாஷையில் ஏ.க்யூ.

வங்கிகள் திவாலானதைப் பற்றிய கட்டுரை அது. பெரிய வங்கிகள் எப்படித் தப்பின, அரசு என்ன செய்தது என்றெல்லாம் போய்க்கொண்டிருந்த பாராவின் கடைசி வரி: "த ஸ்மால் பேங்க்ஸ் வேர் லெஃப்ட் ஹோல்டிங் த பேபி." சின்ன வங்கிகள் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. எந்தக் குழந்தை? முன்பக்கம் போனேன், பின்பக்கம் போனேன், கண்ட்ரோல் எஃப் போட்டு பேபி என்று தேடினேன். மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு பேபிதான். ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, மிகப் பணிவான ஆங்கிலத்தில் ஏ.க்யூ. போட்டேன்: இந்தக் குழந்தையைப் பற்றி முன்னால் எங்கும் குறிப்பு இல்லை, தயவுசெய்து விவரம் தரவும்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இவ்வளவு கவனமாகப் படித்ததற்கு நன்றி, குழந்தை சுகமாக இருக்கிறது, வரியை அப்படியே விட்டுவிடவும்.

எங்கள் டீம் லீடர் அதை எழுந்து நின்று செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். அன்றிலிருந்து ஆறு மாதம் என் பெயர் பேபி. (இப்போதும் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் ஒருத்தி கல்யாணப் பத்திரிகை உறையில்கூட அப்படி எழுதிவிட்டாள்.)

எல்லாரும் நழுவிவிட, மிச்சம் நிற்கிறவன் தலையில் பொறுப்பு விழுவதுதான் ஹோல்டிங் த பேபி. இங்கிலாந்துக்காரர்கள் கையில் குழந்தையைக் கொடுப்பார்கள், அமெரிக்கர்கள் பையைக் கொடுப்பார்கள், ஹோல்டிங் த பேக். விஷயம் ஒன்றுதான். எனக்கு உறைத்தது அதன் அர்த்தம் தெரியாமல் போனது அல்ல. அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா போனில் யாரிடமோ, "எல்லாரும் கம்பி நீட்டிட்டாங்க, கடைசியில என் தலையில கட்டிட்டாங்க" என்று புலம்பிக்கொண்டு வந்தார். நான் அவரிடம் எந்தக் கம்பி என்று கேட்கவில்லை. எவ்வளவு நீளம், தலையில் எந்தக் கயிறு போட்டுக் கட்டினார்கள் என்றும் கேட்கவில்லை. கம்பியும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை, ஆனால் அந்த அம்மாவின் சங்கடம் முழுக்கப் புரிந்தது. இதே மூளைதான் இரண்டு நாள் முன்னால் ஆபீஸில் உட்கார்ந்து குழந்தையைத் தேடியது. ஆங்கிலம் என்றதும் நாம் வக்கீல் ஆகிவிடுகிறோம், ஒவ்வொரு வார்த்தையையும் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறோம். தமிழில் இருக்கும்போது காது போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் அக்கா பெண். பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் பாட்டிலிருந்து இரண்டு வரி கொடுத்து இதில் என்ன ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என்று கேட்பார்கள் இல்லையா, அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். லைக், ஆஸ் வந்தால் சிமிலி. வராவிட்டால் மெட்டஃபர். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அலிட்டரேஷன். உயிரில்லாதது ஏதாவது வேலை செய்தால் பெர்ஸானிஃபிகேஷன். அவ்வளவுதான், நான்கு வரியில் மொத்த அணி இலக்கணமும் முடிந்தது. சிமிலியை அவள் ஸ்மைல் என்றும் ஹைப்பர்பொலியை ஹைப்பர்போல் என்றும் வாசித்தாள், அது பரவாயில்லை, எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வாசிக்கத் தோன்றும்.

"சரி, ஐ லைக் மேங்கோஸ். இதுல லைக் வருது. சிமிலியா?"

"சித்தி, விளையாடாத."

"அவ அப்படியே அவ அப்பா மாதிரி இருக்கா. ஷி லுக்ஸ் லைக் ஹர் ஃபாதர். இது?"

கொஞ்சம் யோசித்தாள். "மாதிரின்னு வருதே. சிமிலிதான்."

இல்லை. அப்பாவும் பெண்ணும் ஒரே இனம், முக ஜாடை உண்மையிலேயே ஒத்துப்போகிறது, அது தகவல். அப்பாவைச் சிங்கம் மாதிரி என்றால்தான் உவமை. இரண்டு வேறு வேறு பொருளை எடுத்து, ஏதோ ஒன்றில் மட்டும் முடிச்சுப் போட வேண்டும். அந்த ஏதோ ஒன்று எது என்பதுதான் கேள்வியே. லைக், ஆஸ் எல்லாம் முடிச்சின் கயிறுதான், கயிற்றைப் பார்த்துவிட்டு மாட்டைப் பார்க்காமல் வரும் கதை.

இதற்கு ஆங்கிலப் புத்தகம் எதுவும் தேவையில்லை, தொல்காப்பியமே போதும் என்பது என் கட்சி. உவமவியலில் ஒப்புமை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், அதனால் கிடைப்பது, வடிவம், நிறம். பள்ளியில் உருப்போட்டு மறந்த இந்த நான்கையும் நான் ஆபீஸில்தான் தோண்டி எடுத்தேன். ஆங்கிலத்தில் ஏதாவது வினோதமான வரி வந்தால் இந்த நான்கு கேள்வியையும் போட்டுப் பார்ப்பேன். பாட்டில்நெக் என்கிறான், போக்குவரத்தில் பாட்டிலின் கழுத்து. எது ஒக்கிறது? வடிவம், மெய். அகலமாக வந்து குறுகுகிறது, மஞ்சக்குப்பத்திலிருந்து வருகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ரோஸி சீக்ஸ் என்றால் நிறம், உரு. ஒருவனைப் பாம்பு என்றால் வினை. டைம் இஸ் மணி என்றால் பயன். இப்போது ஹோல்டிங் த பேபி? வினை. குழந்தையைக் கீழே போட்டுவிட்டு ஓட முடியாது, அதற்காகத் தொடர்ந்து ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், அது உங்கள் குழந்தையாகவும் இருக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டிருந்தால் அந்த ஏ.க்யூ. போட்டிருக்க மாட்டேன், ஆறு மாதம் பேபியாகவும் இருந்திருக்க மாட்டேன்.

மெட்டஃபர் என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போவது என்று பொருள். இன்றைக்கும் கிரீஸில் சாமான் ஏற்றிப்போகும் வண்டிகளின் பக்கவாட்டில் அதே சொல்லைத்தான் எழுதியிருப்பார்கள், வண்டியில் அதற்குச் சரக்குப் போக்குவரத்து என்றுதான் அர்த்தம். வீடு மாற்றுகிறவன் மெட்டஃபரைக் கூப்பிட்டு பீரோவை ஏற்றுகிறான். இதைச் சொன்னதும் அவள், "நம்ம ஊர்ல குட்டி யானை" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. டாடா ஏஸுக்குத் தமிழ்நாடே சேர்ந்து வைத்த பெயர். கிரீஸில் வண்டியின் மேல் மெட்டஃபர் என்று எழுதியிருக்கிறது, இங்கே வண்டியே மெட்டஃபர்! வினையா மெய்யா என்று அவளையே கேட்டேன். இரண்டும் என்றாள், முன்பக்கம் பார்த்தால் யானை மாதிரியும் இருக்கிறதாம், தூக்கும் கனமும் யானைதானாம். சரி என்று விட்டேன்.

அப்புறம் ஒரு நாள் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் வாழைப்பழம் வாங்கப் போனபோது வேறு மாதிரி ஒன்று கிடைத்தது. தார், அதை வெட்டினால் சீப்பு. தலை வாரும் சீப்பு மாதிரி வரிசையாக இருப்பதால் சீப்பு என்கிறோம், எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம், ஒரு தடவையாவது தலை வாருவது ஞாபகம் வந்திருக்கிறதா? ஆங்கிலத்தில் அதே சீப்பு ஹேண்ட், ஒவ்வொரு பழமும் ஃபிங்கர். நாம் சீப்பைப் பார்த்த இடத்தில் அவர்கள் கையைப் பார்த்திருக்கிறார்கள். ஊசிக்கு அவர்கள் கண் வைத்தார்கள், நாம் காது வைத்தோம். கடிகாரத்தில் அவர்களுக்குக் கை, நமக்கு முள். மலைக்கு இரண்டு பேரும் அடி வைத்தோம், சீப்புக்கு இரண்டு பேரும் பல் வைத்தோம். செத்துப்போன உருவகங்கள் என்பார்கள் இவற்றை, டெட் மெட்டஃபர். செத்தது என்றால் பயன்படாதது என்று அர்த்தமில்லை, யாரும் அதைப் படமாகப் பார்ப்பதில்லை என்பதுதான். நான் தினமும் பயப்படும் டெட்லைன் அப்படி ஒன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 வாக்கில், போர்க்கைதிகளை அடைத்த முகாம்களில் ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டினால் காவலாளி சுட்டுவிடுவான். அந்தக் கோடுதான் டெட்லைன். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ஃபைல் போகாவிட்டால் சுடுவதில்லை, மெயில்தான் வரும். சில மெயில்களைப் பார்த்தால் சுட்டிருக்கலாமே என்று இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் சூடும் குளிர்ச்சியும். வார்ம் வெல்கம் என்பான் ஆங்கிலேயன். அன்பானவர் என்றால் வார்ம் பெர்சன். மனம் இளகாதவன் கோல்டு. பயந்து பின்வாங்கினால் கோல்டு ஃபீட். பேசாமல் ஒதுக்கினால் கோல்டு ஷோல்டர். அவனுக்குக் குளிர் என்றால் எதிரி, கணப்பு என்றால் வீடு. நமக்கு? அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் மத்தியானம் 1 மணிக்கு வெளியே போய்விட்டு வந்து சொல்லுங்கள் சூடு நல்லதா என்று. நாம் கண் குளிரப் பார்ப்போம், மனம் குளிரப் பேசுவோம், உள்ளம் குளிர்ந்து வாழ்த்துவோம். சூடாகப் பேசினால் சண்டை. வயிறு எரிந்தால் பொறாமை. நெஞ்சு எரிந்தால் மட்டும்தான் ஜெலூசில். நம் ஆட்கள் பலர் மேடையில் வார்ம் வெல்கம்மை அப்படியே வெதுவெதுப்பான வரவேற்பு ஆக்குகிறார்கள். மே மாதத்தில், ஃபேன் ஓடாத மண்டபத்தில், வெதுவெதுப்பான வரவேற்பு! படத்தை மொழிபெயர்க்கக் கூடாது, படம் செய்கிற வேலையைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு அந்தப் படம் எந்த ஊர் வெயிலில் உருவானது என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தால் போதும்.

புயலின் கண் மட்டும் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. ஐ ஆஃப் த ஸ்டார்ம், ஆங்கிலச் செய்திகளில் யாராவது சர்ச்சையில் மாட்டினால் உடனே இந்த வரி வந்துவிடும், பயங்கரத்தின் நட்டநடுவில் இருக்கிறார் என்ற அர்த்தத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த ஊர்க்காரர்கள் நாங்கள், எங்களிடம் கேளுங்கள். கண் என்பது புயலில் அமைதியான இடம். அது கடக்கும்போது காற்று விட்டதுபோல் இருக்கும், விட்டது என்று நம்பி வெளியே வந்தால் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுச் சின்னப் பையனுக்கும் இது தெரியும். ஆனாலும் ஏ.க்யூ. போட மாட்டேன், ஒரு முறை பட்டது போதும். பழகிப்போன சொல் வானிலையைப் பார்த்து நடப்பதில்லை.

இதெல்லாம் சுலபமான பகுதி. படம் வினோதமாக இருந்தால் நமக்கே சந்தேகம் வந்துவிடும், அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது படமே இல்லாத வரிகள். எல்லா வார்த்தையும் தெரியும், இலக்கணம் தெரியும், அர்த்தம் மட்டும் வேறு எங்கோ இருக்கும்.

இரண்டாவது வருஷம் ஒரு புத்தகம். அதைக் கொடுத்த பதிப்பகத்தின் மேனேஜர் ஆங்கிலேயர், மெயில் எல்லாம் பூப்போல எழுதுவார். ஒரு நாள் எழுதினார்: "யூ மைட் வாண்ட் டு ஹேவ் அனதர் லுக் அட் சாப்டர் ஃபோர்." நீங்கள் 4-வது அத்தியாயத்தை இன்னொரு தடவை பார்க்க விரும்பக்கூடும். நான் என் விருப்பத்தைப் பரிசீலித்தேன். விரும்பவில்லை. வேறு இரண்டு ஃபைல் தலைக்கு மேல் இருந்தது, பார்த்தாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன். அத்தியாயத்தில் அட்டவணை எண்கள் எல்லாம் ஒன்று தள்ளி இருந்தன, பக்கம் முழுக்க. மறுநாள் அவரிடமிருந்து ஒரே வரி: "ஐ ஆம் எ லிட்டில் டிஸப்பாயிண்டட்."

எனக்கு நிம்மதி. லிட்டில்தானே. டீம் லீடரிடம் போய், கொஞ்சமாகத்தான் வருத்தப்பட்டிருக்கிறார் சார் என்றேன். அவர் மெயிலைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எ லிட்டில்னா போட்டிருக்கான்?"

"ஆமா சார்."

"செத்தோம். கோபம்னு எழுதியிருந்தான்னா சமாளிச்சிருக்கலாம். அவன் லிட்டில்னா லாரி லோடுன்னு அர்த்தம்."

அந்த வேலையின் அடுத்த பாகம் எங்களுக்கு வரவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை, சத்தமில்லாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அண்டர்ஸ்டேட்மெண்ட் என்று பெயர் இதற்கு, குறைத்துச் சொல்லுதல். உயர்வு நவிற்சிக்கு நேர் எதிர். ஹைப்பர்பொலி நமக்குக் கைவந்த கலை, பசி உயிர் போகிறது, ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன் என்று காலை முதல் ராத்திரி வரை அதுதான். அதனால் எதிராளி குறைத்துச் சொல்லும்போது நாம் அப்படியே எடுத்துக்கொண்டு மாட்டுகிறோம். நாட் பேட் என்று ஆங்கிலேயன் சொன்னால் பெரும்பாலும் அது பாராட்டு. க்வைட் குட் என்று அமெரிக்கன் சொன்னால் நன்றாகவே இருக்கிறது, அதையே ஆங்கிலேயன் சொன்னால் ஏதோ இருக்கிறது. இந்த இரண்டு பேருக்குள்ளேயே தகராறு உண்டு: ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் இங்கிலாந்தில் இப்போதே விவாதத்துக்கு எடு, அமெரிக்காவில் இப்போதைக்கு ஒத்திவை. இரண்டாம் உலகப் போரின்போது இரண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் மல்லுக்கட்டியதை சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களே முட்டிக்கொண்டார்கள் என்றால் கடலூர்க்காரி நான் எம்மாத்திரம்.

ஆனால், நமக்குக் குறைத்துச் சொல்வது தெரியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு மாமல்லபுரம் போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்கென்ன, உன் இஷ்டம்" என்றாள். நான் போகவில்லை. போகாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் தலையில் அடித்தது மாதிரி இருந்தது. உன் இஷ்டம்! யூ மைட் வாண்ட் டு! இதே வரிதான் அந்த மெயிலில் இருந்தது. அம்மா வாயிலிருந்து வந்தால் அது அனுமதி இல்லை என்று எனக்கு அஞ்சு வயசிலிருந்தே தெரியும். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று பெரியப்பா ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரம் அவர்தான் பேசுவார் என்றும் தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "பரவாயில்லை" என்றால் அது சரியா, இல்லையா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவோம். மெயிலில் குரல் கிடையாது. அதனால் நான் இப்போதெல்லாம் ஒரு தந்திரம் செய்கிறேன், ஆங்கில மெயில் ரொம்பப் பணிவாக இருந்தால் அதை மனதுக்குள் அம்மா வெங்காயம் நறுக்கும் குரலில் படித்துப் பார்ப்பேன். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வருகிறது. (பத்தாவது தடவை அவர் நிஜமாகவே பணிவானவர்.)

அக்கா பெண்ணுக்கு இதில் மார்க் கிடையாது, அவளுக்கு ஐரனி வேண்டும். அதற்கு நம் பாடப்புத்தகத்து வஞ்சப்புகழ்ச்சியையே எடுத்தேன். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் தாம் விரும்பியபடியே நடப்பார்கள் என்று கயமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது, 'தேவர் அனையர் கயவர்' என்று தொடங்கும் குறள். "அனையர்னு வருதே, உவமை தானே?" என்றாள். உவமையும்தான். ஒரே வரியில் உவமையும் இருக்கிறது, அதற்குள் குத்தலும் இருக்கிறது, உன் நோட்டில் லைக் வந்தால் சிமிலி என்று எழுதி மூடிவிட்டால் பாதிக் குறள் வெளியே நிற்கும். அன்று முதல்தடவையாக அந்த நோட்டில் எதையோ அடித்தாள்.

மெட்டானிமிக்கு அவ்வளவு நேரமே ஆகவில்லை. டவுனிங் ஸ்ட்ரீட் (பிரிட்டிஷ் பிரதமர் வீடு இருக்கும் தெரு) கருத்துச் சொல்ல மறுத்தது என்று செய்தி வந்தால் தெரு எப்படிப் பேசும் என்று கேட்பது, பூக்கடையில் ரெண்டு முழம் கொடுங்க என்றதும் கடைக்காரம்மா தன் கையையா நீட்டுகிறார் என்று கேட்பது மாதிரி. ஆகுபெயர், முடிந்தது. அனாஃபொராவுக்கு 1963-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள், ஒரே தொடக்கத்தை அடுத்தடுத்துச் சொல்லிச் சொல்லிக் கூட்டத்தை ஏற்றுவது. அதை நேரில் பார்க்க வாஷிங்டன் வேண்டாம், தேர்தல் சமயத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஒரு சாயங்காலம் போனால் போதும். ஸூக்மா என்று ஒன்று இருக்கிறது, ஒரே வினைச்சொல்லில் இரண்டு ஒட்டாத பொருளைக் கட்டிவிடுவது, அவள் பஸ் பாஸையும் பொறுமையையும் தொலைத்தாள் என்கிற மாதிரி. தமிழில் சொல்லு பார்க்கலாம் என்றேன். "ஆட்டோக்காரர் நூறு ரூபாயையும் என் உயிரையும் வாங்கிட்டார்" என்றாள். இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உயர்வு நவிற்சிக்கு நேருவின் சுதந்திர இரவு உரையை எடுத்தோம். நள்ளிரவு அடிக்கையில், உலகம் உறங்கும் வேளையில், இந்தியா விழித்தெழும் என்கிறார். உலகம் எங்கே உறங்கியது? டெல்லியில் நள்ளிரவு என்றால் லண்டனில் சாயங்காலம், நியூயார்க்கில் பட்டப்பகல். காப்பி எடிட்டராக நான் அதில் ஏ.க்யூ. போட்டிருப்பேன், இந்திய வரலாற்றில் பேபி என்று நிரந்தரமாகப் பெயர் வாங்கியிருப்பேன். உறங்கும் உலகம் அங்கே கடிகாரக் கணக்கு இல்லை, விழிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் விரித்த இருட்டு.

ஆனால் உருவகத்தைக் கணக்காக எடுத்துக்கொண்டவர்களும் இருந்திருக்கிறார்கள், அதுவும் எங்கள் ஊரில். பக்கம்தான் என்பதற்கு ஆங்கிலத்தில் ஸ்டோன்ஸ் த்ரோ என்பார்கள், கல்லெறி தூரம். நமக்குக் கூப்பிடு தூரம். இரண்டையும் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையோடு சுற்றுவட்டாரத்தில் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று பேச்சு. குண்டு எட்டும் தூரம் என்று நாம் சொன்னால் அது ஒரு பேச்சு வழக்கு. அவர்கள் நிஜமாகவே பீரங்கியை வைத்துச் சுட்டார்கள். குண்டு எட்டிய தூரத்துக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு, குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. குண்டு சாலை இன்னும் கடலூரில் இருக்கிறது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மைட் வாண்ட் டு மெயில் ஞாபகம் வரும். எதை அப்படியே எடுக்க வேண்டும், எதை எடுக்கக் கூடாது என்பதில் இவர்களுக்கு மட்டும் எப்போதும் லாபமாகவே அமைகிறது.

புதுச்சேரியில் என் தோழி வீட்டு மாடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் அங்கே ஒதுங்கியபோது, ஆங்கிலத்தில் பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்பார்களே, பிரெஞ்சில் எப்படி என்று கேட்டேன். கயிறு கயிறாகப் பெய்யுமாம். ஒருவன் மயங்கி விழுந்தால் ஆப்பிளுக்குள் விழுந்தான் என்பார்களாம். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார், "நமக்கு இது போதும்மா, பிச்சிக்கிட்டு ஊத்துது" என்றார். கயிறும் சரி, பூனையும் சரி, பிய்த்துக்கொண்டு ஊற்றுவதும் சரி. ஏன் பூனை, ஏன் நாய் என்று கேட்டால் யாராவது கதை கட்டிச் சொல்வார்கள், நம்ப வேண்டாம். எவ்வளவு மழை என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பெண்ணையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை, ரெட்டிச்சாவடியில் இன்னும் இருபது பேர் ஏறினார்கள். கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு, "உள்ள ஃபுட்பால் ஆடலாம், அவ்ளோ எடம் இருக்கு, போங்கம்மா உள்ள, போங்க" என்று கத்தினார்.

இவள் யார் முதுகிலோ ஒட்டிக்கொண்டு நின்றவள், கூட்டத்துக்குள்ளிருந்து சத்தமாக, "சித்தி! ஹைப்பர்பொலி!" என்றாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "பாலிடெக்னிக்கா? அது லாஸ்பேட்டைம்மா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி வேற வண்டி மாறணும்."